ஏற்கெனவே நிறுவிய லினக்ஸை எல்விஎம்முக்கு மாற்றுதல்: கேள்வி பதில்

கேள்வி: ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் பகுதி) இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம். டேட்டாவை அழிக்காமல் இருந்த இடத்திலேயே எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்து, பிறகு அளவு மாற்றவும் விடும் லினக்ஸ் வசதி) ஆக்கலாமா?

எல்விஎம்மோடு வரும் கருவிகளால் முடியாது. பார்ட்டிஷனின் முதல் 1 எம்ஐபி எல்விஎம்மின் சொந்தக் குறிப்புகளுக்குப் போய்விடும். இஎக்ஸ்டி4-இன் சூப்பர்பிளாக் (ஃபைல்சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள்) இருப்பதும் அங்கேதான், 1024-ஆவது பைட்டில். இன்னொரு டிஸ்க்கைத் தேடுங்கள்.

கேள்வி: டிஸ்க் இருக்கிறது. என்ன வரிசையில் செய்வது?

லைவ் யுஎஸ்பியில் பூட் செய்யுங்கள். புது டிஸ்க்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு (பூட்லோடர் இருக்கும் இடம்) 512 எம்ஐபி, பூட் பார்ட்டிஷனுக்கு (கெர்னல் இருக்கும் இடம்) 1 ஜிஐபி. இரண்டும் எல்விஎம்முக்கு வெளியே. மிச்சத்தில் பிவிகிரியேட் (அந்த இடத்தை எல்விஎம்மின் பிவி ஆக்க), விஜிகிரியேட் (பிவிகளின் தொகுப்பான விஜியை உருவாக்க), எல்விகிரியேட் (விஜியிலிருந்து எல்வி என்ற பகுதியை வெட்ட), பிறகு ஃபார்மேட். காப்பிக்கு ஆர்சிங்க் கருவி: ஹார்டுலிங்க், ஏசிஎல் (கூடுதல் அனுமதி விதிகள்), எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் (ஃபைலோடு ஒட்டிய கூடுதல் குறிப்புகள்) மூன்றையும் காக்கும் ஆப்ஷன்களைப் போடுங்கள். கடைசியை விட்டால் பிங் போன்றவற்றின் கேப்பபிலிட்டியும் (தனிச் சலுகை) எஸ்ஈலினக்ஸ் பாதுகாப்பு லேபிளும் போய்விடும்.

கேள்வி: எல்லாம் செய்தேன். ரீபூட்டில் ரூட் கிடைக்கவில்லை என்று இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டை மவுண்ட் செய்யும் முன் ஓடும் சிறு ஆரம்ப சிஸ்டம்) பிராம்ப்டில் நிற்கிறது. டெபியன்.

அந்த பிராம்ப்டிலேயே 'எல்விஎம் விஜிசேஞ்ச்' கட்டளையை ஆக்டிவேட் ஆப்ஷனோடு கொடுத்துப் பாருங்கள். கட்டளையே இல்லை என்றால் எல்விஎம்2 பேக்கேஜ் இல்லாமல் இனிட்ராம்எஃப்எஸ் கட்டப்பட்டிருக்கிறது. பலர் சறுக்குவது இங்கேதான். காப்பி எளிது, பூட்தான் வேலை வாங்கும்.

லைவ் யுஎஸ்பிக்குத் திரும்பி, புது ரூட், பூட், இஎஃப்ஐ எல்லாவற்றையும் மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் செய்து, சிஎச்ரூட் (புது ரூட்டுக்குள்ளிருந்தே கட்டளை ஓட்டும் வழி) மூலம் நுழையுங்கள். எல்விஎம்2 நிறுவி, எஃப்எஸ்டேபில் (மவுண்ட் பட்டியல் ஃபைல்) பழைய யுயுஐடிகளை (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்) மாற்றி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், க்ரப்-இன்ஸ்டால் (க்ரப் என்பது பூட்லோடர்), அப்டேட்-க்ரப் மூன்றையும் ஓட்டுங்கள். எஃப்எஸ்டேபில் ரூட்டுக்கு யுயுஐடியைவிட மேப்பர் பெயர் (விஜி, எல்வி பெயர்களால் ஆன டிவைஸ் பெயர்) நல்லது: எல்வியின் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நகல்) எடுத்தால் அதற்கும் அதே யுயுஐடிதான்.

கேள்வி: ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இலும் இதேதானா?

அங்கே டிராகட் கருவியால் இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்ட வேண்டும். பூட்டில் கெர்னலுக்குத் தரும் வரியில் பழைய ரூட் யுயுஐடி ஒட்டிக்கொண்டே இருக்கும். க்ரப்பி கருவி கொண்டு எல்லா கெர்னலுக்கும் மாற்றுங்கள். சிஸ்டம்.டிவைசஸ் ஃபைல் (எல்விஎம் பார்க்க வேண்டிய டிவைஸ்களின் பட்டியல்) இருந்தால் அதில் இல்லாத பிவியை எல்விஎம் கண்டுகொள்ளாது. 'எல்விஎம்டிவைசஸ்' கட்டளையால் சேருங்கள்.

கேள்வி: எல்விக்கு முழு இடத்தையும் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். எல்வியை ஓடும்போதே பெரிதாக்கலாம். இஎக்ஸ்டி4-ஐச் சுருக்க அன்மவுண்ட் செய்ய வேண்டும், எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்கவே வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்கும் விஜியில் காலியிடம் வேண்டும்.

கேள்வி: புது டிஸ்க் இரவல். பழையதற்கே திரும்புவது எப்படி?

இரண்டு முறை சரியாக பூட் ஆன பிறகு பழைய டிஸ்க்கையும் அதேபோல் பிரித்து, விஜிஎக்ஸ்டெண்ட் (அதை விஜியில் சேர்க்க), பிவிமூவ் (டேட்டாவை அதற்கு நகர்த்த), விஜிரெட்யூஸ் (இரவல் டிஸ்க்கை விஜியிலிருந்து நீக்க). சிஸ்டம் ஓடும்போதே நடக்கும். ஆனால் பூட்டும் இஎஃப்ஐயும் பிவிமூவில் வராது. அவற்றைத் தனியாக காப்பி செய்து, எஃப்எஸ்டேபைத் திருத்தி, க்ரப்பை மறுபடி நிறுவிய பிறகே இரவல் டிஸ்க்கைக் கழற்றுங்கள்.