அந்த அட்டைப்பெட்டியை முதலில் எடுங்கள்

கேள்வி: என் தந்தை 1971-ல் பொறியாளராகக் கலிபோர்னியாவுக்கு வந்தவர். சென்ற ஆண்டு காலமானார். அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த அமெரிக்க வெள்ளி டாலர்கள் 112 வீட்டில் இருக்கின்றன. எல்லாம் 1878 முதல் 1935 வரையிலானவை. மூன்று மட்டும் கறுப்புப் பெட்டிக்குள், கெட்டிப் பிளாஸ்டிக்கில் உள்ளன. மற்றவற்றைத் தனித்தனிக் காகித உறைகளில் போட்டு, மேலே தமிழில் ஏதேதோ எழுதிவைத்திருந்தார். எண்ணுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று நாணயங்களை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுவிட்டேன். உறைகள் கராஜில் ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. (சில உறைகளின் மேல் என் தங்கையின் பெயரும் தேதியும் இருந்தன. அவள் சேலத்தில் இருக்கிறாள். அவள் கல்யாணத்தின்போதே அப்பா எல்லாம் செய்துவிட்டார்.) இங்குள்ள ஒரு கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே விலை போட்டு மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். இது நியாயமான விலையா? கறுத்துப் போனவற்றை விபூதி போட்டுத் தேய்த்துக் கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட அந்த மூன்று வாக்கியங்களிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. இறந்தவர் விட்டுச்சென்ற பொருளுக்கு என்ன விலை கிடைக்கும் என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. அவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான், போகிற போக்கில் ஒரு தங்கையின் பெயரோ அக்காவின் பெயரோ தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். கேட்கிறவருக்கு அது உறுத்துகிறது. உறுத்தாவிட்டால் எழுதியிருக்கவே மாட்டார்.

ஒரு தகப்பனார் வெள்ளி நாணயத்தைக் காகித உறையில் போட்டு, அதன் மேல் மகளின் பெயரைத் தன் கையால் எழுதி, தேதியும் குறித்து வைத்திருக்கிறார் என்றால், அதற்கு வேறு என்ன பொருள் சொல்வீர்கள்? உயிலில் இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். சட்டப்படி அந்த எழுத்து எந்த அளவுக்குச் செல்லும் என்பதை அங்குள்ள வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; நான் பேசுவது ஒரு மகன் தகப்பனின் கையெழுத்தைப் பார்த்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி. கல்யாணத்தில் செய்ததோடு பெண்ணுக்கான கணக்கு முடிந்தது என்ற பேச்சை நான் எந்தக் காலத்திலும் ஏற்றுக்கொண்டதில்லை. அப்படி முடித்துவிட வேண்டும் என்று உங்கள் தந்தையும் நினைத்திருக்கவில்லை. நினைத்திருந்தால் கல்யாணத்தில் எல்லாம் செய்து அனுப்பிய மகளின் பெயரை உறையின் மேல் எழுதியிருப்பாரா? நீங்களோ எண்ண வசதி என்று சொல்லி, பெயரை ஒரு பக்கமும் பொருளை ஒரு பக்கமுமாகப் பிரித்துவிட்டீர்கள். இது வெறும் கவனக்குறைவு என்று எனக்குப் படவில்லை.

நீங்கள் கேட்ட விலைக்கும் இந்த உறைகளுக்குமே நேரடித் தொடர்பு உண்டு. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே விலை சொல்கிறார் என்றால், அவர் நாணயத்தைப் பார்க்கவில்லை, உலோகத்தைப் பார்க்கிறார். அந்தக் கால வெள்ளி டாலர் ஒன்றின் எடை 26.73 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. கலப்பற்ற வெள்ளி என்று பார்த்தால் ஒவ்வொன்றிலும் 24.06 கிராம், உங்களிடம் உள்ள 112-க்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கிலோ 695 கிராம். கடைக்காரர் விலை சொன்ன நாளின் வெள்ளி விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். அவர் சொன்ன தொகை அதை ஒட்டி இருந்தால், உருக்கினால் கிடைக்கும் விலையைத்தான் சொல்லியிருக்கிறார். எந்த நிலையிலும் அதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை அது. நாணயங்களின் மதிப்பு அதுவே என்று எண்ணிவிடாதீர்கள்.

பழையது என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1878 முதல் 1904 வரையிலும் பிறகு 1921-லும் அடிக்கப்பட்டவை, ஜார்ஜ் மார்கன் என்ற செதுக்குக் கலைஞர் வடித்த சுதந்திர தேவியின் தலை கொண்ட மார்கன் டாலர்கள். சுரங்க வெள்ளியை அரசு மாதாமாதம் வாங்கி நாணயமாக்கியே தீர வேண்டும் என்று 1878-ல் சட்டம் வந்ததால், மக்களுக்குத் தேவைப்பட்டதைவிட மிக அதிகமாக அடித்து, ஆயிரம் ஆயிரமாகப் பைகளில் கட்டிக் கருவூலத்தில் அடுக்கினார்கள். அதனால் 1881-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்த நாணயம் கைபடாத நிலையில் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 1921-ல் மட்டும் மூன்று நாணயச்சாலைகளிலுமாக 8 கோடியே 67 லட்சம் மார்கன் டாலர்கள் வெளிவந்தன. ஆனால் 1893-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்தது வெறும் ஒரு லட்சம். தேய்ந்துபோன ஒன்றுகூட ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. 1921 இறுதியில் தொடங்கி 1935 வரை வந்த அமைதி (பீஸ்) டாலர்களில் 1928-ல் ஃபிலடெல்ஃபியாவில் அடித்ததுதான் எண்ணிக்கையில் மிகக் குறைவு: 3,60,649.

எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கும் முழுக் கதையைச் சொல்லாது. முதல் உலகப் போரின்போது காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்ட இந்திய மக்களுக்குக் கொடுக்க வெள்ளி இல்லாமல் பிரிட்டிஷ் அரசு திண்டாடியது. 1918-ல் அமெரிக்காவில் பிட்மன் சட்டம் நிறைவேறி, அதன்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றில் சுமார் 26 கோடி நாணயங்களின் வெள்ளி இந்தியாவின் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. நம் பாட்டிமார் முடிந்துவைத்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் சில, முந்திய பிறவியில் மார்கன் டாலராக இருந்திருக்கலாம். ஆனால் உருக்கியவர்கள் எந்த ஆண்டு நாணயம் எத்தனை போயிற்று என்று எழுதிவைக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸின் 1903 நாணயம் ஏறக்குறைய எல்லாமே உருகிப் போயிற்று என்று நம்பி, சேகரிப்பாளர்கள் அதற்குப் பெரும் விலை கொடுத்துவந்தார்கள். 1962-ல் கருவூலத்திலிருந்து பை பையாக அது வெளியே வந்ததும் விலை சரிந்தது. குறிப்பு இல்லாமல் போனதால் ஒரு நாட்டின் கருவூலமே இப்படிக் குழம்பியிருக்கிறது. உங்கள் தந்தை குறிப்பு எழுதிவைத்தார். அதைக் கராஜில் போட்டது நீங்கள்.

ஆகவே முதல் வேலை, அந்த அட்டைப்பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவருவது. ஒரு மேசையில் மெத்தென்ற துணியை விரித்து, நாணயங்களை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுங்கள், கொட்ட வேண்டாம். ஒன்றோடொன்று மோதினால் சுதந்திர தேவியின் கன்னத்தில்தான் முதலில் கீறல் விழும், தரம் பார்ப்பவரின் கண் முதலில் போவதும் அங்கேதான். விளிம்பை மட்டும் பிடித்து, விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். புழங்காத நாணயமாக இருந்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிக்கீற்றுகள் அதன் முகத்தில் சுற்றிவரும். காதுக்கு மேலே உள்ள கூந்தல் இழைகளும், மறுபக்கத்தில் கழுகின் மார்பு இறகுகளும் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பூதக்கண்ணாடியை வைத்து, கழுகுக்குக் கீழே மாலையின் முடிச்சுக்கு அடியில் தேடினால் ஒரு நுண்ணிய எழுத்து தென்படும்: எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், இரட்டை சி என்றால் கார்சன் சிட்டி, டி என்றால் டென்வர், எழுத்தே இல்லாவிட்டால் ஃபிலடெல்ஃபியா. அமைதி டாலரில் அந்த எழுத்து கழுகுள்ள பக்கத்தில், இடப்புறம், ‘ஒன்’ என்ற சொல்லுக்குக் கீழே இருக்கும்.

ஆண்டையும் இந்த எழுத்தையும் உறையின் மேலுள்ள குறிப்போடு ஒப்பிட்டு, நாணயத்தையும் உறையையும் மறுபடி சேருங்கள். ஒரே ஆண்டு, ஒரே எழுத்து கொண்ட இரண்டு நாணயங்கள் இருந்து, எது எந்த உறைக்கு உரியது என்று தெரியாவிட்டால், ஊகித்துப் போடாமல் இரண்டு உறைகளையும் சேர்த்தே வையுங்கள். தந்தை கொடுத்த விலையையும் எழுதியிருந்தால், எதற்கு அவர் வெள்ளி விலையைவிட அதிகம் கொடுத்தார் என்பது உங்களுக்கே விளங்கும். உறை இருப்பதால் நாணயம் அசல் என்று ஆகிவிடாது; சாதாரண 1893 நாணயத்தில் எஸ் எழுத்தை ஒட்டி விற்ற ஏமாற்றுக்காரர்கள் உண்டு. ஆனால் எங்கிருந்து எப்போது வந்தது என்ற குறிப்போடு வரும் நாணயத்தை வாங்குபவர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

கறுப்புப் பெட்டியில் உள்ள மூன்றையும் தொடவே வேண்டாம். கருவூலத்தில் எஞ்சியிருந்த கார்சன் சிட்டி டாலர்களை அமெரிக்க அரசே 1972-லிருந்து தபால் வழியாகப் பொதுமக்களுக்கு விற்றது; அப்போதைய அதிபர் நிக்ஸனின் கையொப்பம் அச்சிட்ட ஒரு சிறு அட்டையும் கூட வந்தது. உங்களிடம் உள்ளவை அவையாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக்கை உடைத்தால் விலை இறங்கும்.

விபூதி கூடவே கூடாது. குங்குமச் சிமிழுக்கும் வெள்ளி விளக்குக்கும் அது சரி. நாணயத்தின் முகத்தில் அந்தச் சாம்பல் மயிரிழைக் கீறல்களைப் போட்டு, நான் சொன்ன ஒளிக்கீற்றை அழித்துவிடும். தரச்சான்று நிறுவனங்கள் 1 முதல் 70 வரை எண் கொடுத்து நாணயத்தை முத்திரையிடுகின்றன. தேய்த்துக் கழுவிய நாணயத்துக்கு எண் கொடுக்காமல் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்தக் குறை பிறகு எதனாலும் நீங்காது. இயல்பாகக் கறுத்து, நீலமும் பொன்னிறமுமாக வண்ணம் ஏறிய டாலருக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு.

வாங்கப் போகிற கடைக்காரரிடமே மதிப்பும் கேட்காதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பிடுபவரிடம், தான் எதையும் வாங்கப் போவதில்லை என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு, ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். உங்கள் தந்தை இறந்த நாளின் சந்தை மதிப்பையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். பின்னால் விற்கும்போது வரிக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். எல்லாவற்றையும் தரச்சான்றுக்கு அனுப்பினால் கட்டணமே பெரும்பகுதியைத் தின்றுவிடும். அவர் பொறுக்கித் தருகிற சிலவற்றை மட்டும் அனுப்பினால் போதும்.

உறைகளைச் சேர்த்ததும், மதிப்பிடுபவரிடம் போவதற்கு முன்னால் சேலத்துக்குப் பேசுங்கள். குறுஞ்செய்தி வேண்டாம், அங்கே மாலை நேரமாகப் பார்த்து, தங்கையின் முகம் தெரியும்படி அழைத்து, அவள் பெயர் எழுதிய உறைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அப்பா எழுதிய தேதியை வாய்விட்டுப் படியுங்கள். உங்களுக்கு வெறும் தேதியாகத் தெரிவது எந்த நாள் என்று அவள் சொல்லக்கூடும். அந்த நாணயங்கள் அவளுடையவை. விற்பதா, வைத்துக்கொள்வதா என்று அவள் சொல்லட்டும். பெயர் எழுதாத உறைகளில் உள்ளவற்றையும், அந்தக் கறுப்புப் பெட்டிகளையும் எப்படிப் பங்கிடலாம் என்று அதே பேச்சில் நீங்களே கேளுங்கள், அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அவள் பதில் சொல்லும்வரை கடைக்காரர் எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தாலும், இன்னொருவருக்கும் இதில் பங்கு இருக்கிறது, அவரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.