பழைய விட்னி வரைபடத்தில் புள்ளிகள் மேற்கே தள்ளி விழுவது ஏன்?

வணக்கம். கலிபோர்னியாவில் விட்னி மலை இருக்கும் இன்யோ தேசிய வனத்தின் 1950களின் டோப்போ வரைபடத்தில் (மேடுபள்ளம் காட்டும் நில வரைபடம்) போனின் ஜிபிஎஸ் எண்களைக் குறித்தால், எல்லாப் புள்ளியும் ஒன்றரை மில்லிமீட்டர் மேற்கே விழுகிறது என்றீர்கள். தாள் சுருங்கவில்லை, உங்கள் கையிலும் பிழையில்லை.

வரைபடத்தின் கீழ் ஓரத்தில் '1927 வட அமெரிக்க டேட்டம்' என்று பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். டேட்டம் என்றால் அட்சரேகை, தீர்க்கரேகைகளை எந்த அடிப்படையில் அளக்கிறோம் என்பது. உங்கள் போன் சொல்வது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு டேட்டம். பூமியின் வடிவத்துக்கு இரண்டும் வேறு வேறு கணக்கு வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவின் அந்தப் பகுதியில் வித்தியாசம் கிழக்கு மேற்காக 80, 90 மீட்டர் போல வரும். உங்கள் வரைபடத்தின் 1:62,500 அளவில் அது ஏறக்குறைய உங்கள் ஒன்றரை மில்லிமீட்டர்தான்! போனின் ஜிபிஎஸ் செயலியின் அமைப்பில் டேட்டத்தை 'நாட் 27' (அந்த 1927 டேட்டத்தின் சுருக்கப் பெயர்) என்று மாற்றிவிட்டு மறுபடி குறியுங்கள். யூடிஎம் எண்களில் (இடத்தை மீட்டர் கணக்கில் சொல்லும் கட்ட முறை) குறித்தால் வடக்கு தெற்காகவும் சுமார் 200 மீட்டர் இடறும், அதற்கும் இதே மருந்து.

அப்புறம், ஓரத்தில் அச்சிட்ட காந்த விலக்கத்தை (காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் இடையிலான கோணம்) நம்பித் திசைகாட்டியைத் திருப்பாதீர்கள். அது ஆண்டுக்கு ஆண்டு மாறும், அச்சிட்டது அந்தக் காலத்துக் கணக்கு. இப்போது கிழக்கே சுமார் 12 பாகைதான். மலை நகரவில்லை, சமஉயரக் கோடுகளை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) தாராளமாக நம்பலாம். பாதைகளை மட்டும் புதிய வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.