18,000 டைமண்ட் கையில் இருக்கிறது, இந்த பேனரில் இறக்கலாமா?

கேள்வி: நான்கு மாதமாகக் காசு போடாமல் ஒரு ஹீரோ கேம் ஆடி 18,000 டைமண்ட் சேர்த்திருக்கிறேன். ஒரு புல்லுக்கு, அதாவது ஹீரோவுக்காக ஒருமுறை குலுக்கி எடுக்க, 160 டைமண்ட். அதிகபட்சம் 90 புல்லுக்குள் ஒரு 5 ஸ்டார் ஹீரோ உறுதி. ஆனால் அது பேனர் ஹீரோவாக, அதாவது சில நாள் மட்டும் நடக்கும் இந்தக் குலுக்கலில் முன்னிறுத்தும் ஹீரோவாக, இருக்கப் பாதி வாய்ப்புதான். தவறினால் அடுத்த 5 ஸ்டார் கட்டாயம் அவர்தான். பேனர் முடிய 3 நாள் இருக்கிறது. எடுக்கலாமா? டைமண்ட் குறைந்தால் பாதி விலைக்கு ஏற்றித் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

பதில்: எடுக்காதீர்கள். 18,000 டைமண்டுக்கு 112 புல் கிடைக்கும். முதல் 90-இல் வேறு ஹீரோ வந்தால் இன்னொரு 90 தேவைப்படலாம். மொத்தம் 180 புல், அதாவது 28,800 டைமண்ட். உங்களிடம் 10,800 குறைகிறது. முதல் ஹீரோ தவறி, 22 புல் மட்டும் மிச்சமிருந்து, பேனர் கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பலர் கார்டை எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் திரையில் 'சிறப்புச் சலுகை' எட்டிப் பார்ப்பது தற்செயல் அல்ல.

இரண்டு விதிவிலக்கு உண்டு. பேனர் பக்கத்தில் 'வரலாறு' என்ற பகுதியைத் திறந்து, கடைசி 5 ஸ்டாருக்குப் பிறகு எத்தனை புல் எடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். இந்த எண்ணிக்கையைத்தான் பிட்டி என்பார்கள். இதே வகையின் முந்தைய பேனரில் எடுத்தது பெரும்பாலும் இதற்கும் தொடரும். ஆயுத பேனரிலோ சாதாரண பேனரிலோ எடுத்தது சேராது. தொடருமா என்பதை விதிமுறைப் பக்கத்தில் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணிக்கை 68 அல்லது அதற்கு மேல் இருந்தால் 180-இல் மிச்சம் 112-தான். உங்கள் டைமண்ட் மட்டுமட்டாகப் போதும், எடுக்கலாம். 67 என்றால்கூட ஒரு புல் குறையும். இரண்டாவது, இந்த வகைப் பேனரில் கடைசியாக வந்த 5 ஸ்டார், அந்தப் பேனரின் ஹீரோ இல்லை என்றால் உங்களுக்கு உறுதி ஏற்கெனவே இருக்கிறது. பிட்டி பூஜ்யமாக இருந்தாலும் 90 புல், 14,400 டைமண்டில் முடிந்துவிடும்.

எடுக்கும்போது பத்துப் பத்தாக எடுக்காதீர்கள். பத்துக்குத் தள்ளுபடி இல்லாத கேமில் அதனால் லாபமே இல்லை. இரண்டாவது புல்லிலேயே ஹீரோ வந்தாலும் மீதி எட்டும் போய்விடும்.

எனர்ஜி, ஸ்கின், கடைத் தள்ளுபடி எதற்கும் டைமண்டைத் தொடாதீர்கள். அந்த ஹீரோ ஒரே பிரதியில் உருப்படியாக ஆடுவாரா, அவரையே மறுபடி மறுபடி எடுத்து நான்கைந்து பிரதி சேர்ந்தால்தான் வேலை செய்வாரா என்பதையும் பாருங்கள். பின்னது என்றால் கணக்கே போட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

'1 சதவீதம்தானே, 100 எடுத்தால் வந்துவிடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிட்டி இல்லாத கேமில் 100 புல்லும் வீணாகப் போகக் கிட்டத்தட்ட 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வாய்ப்பு விகிதத்தைக் காட்டச் சொல்லி ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் 2017-இலேயே விதி கொண்டுவந்தது. கம்பெனிகளும் காட்டுகின்றன, மூன்று மெனுவுக்கு உள்ளே, பொடி எழுத்தில்! ஒரு ஹீரோவுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று மட்டும் எழுத மாட்டார்கள்.

பாதி விலைக்காரர் விஷயத்துக்கு வருவோம். அவர் கேட்பது உங்கள் லாகின் விவரமாகத்தான் இருக்கும். திருட்டு கார்டில் வாங்குவது, வாங்கியபின் ரீஃபண்ட் போடுவது என இந்தத் தொழிலில் வழிகள் பல. சில வாரம் கழித்துப் பணம் திரும்பப் போனதும் கம்பெனி டைமண்டைப் பிடுங்கும். நீங்கள் அதைச் செலவழித்திருந்தால் இருப்பு மைனஸில் போகும், அல்லது அக்கவுண்ட் முடங்கும். அப்போது அவர் மெசேஜுக்குப் பதில் சொல்ல மாட்டார். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினாலோ தானியங்கிப் பதில்தான் திரும்பத் திரும்ப வரும்.

லாகின் விவரத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். இணைத்திருக்கும் மெயிலின் பாஸ்வேர்டையும் மாற்றி, மற்ற எல்லா ஃபோன்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்தி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.