குடியைவிடக் கழுத்தை முதலில் கவனியுங்கள்

கேள்வி: தங்கையை புதுச்சேரியில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை குடித்துவிட்டு அடிப்பார். நான்கு நாள் முன்பு கழுத்தை நெரித்திருக்கிறார். வெளிக்காயம் இல்லை, குரல் மட்டும் கம்மியிருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். போலீஸ் வேண்டாம் என்கிறாள். குடியை நிறுத்தினால் சரியாகிவிடுமா? கேஸ் போட புதுச்சேரிக்குத்தான் அலைய வேண்டுமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: குடி இருக்கட்டும், முதலில் கழுத்து. நெரிபட்ட கழுத்தில் தோலில் தடமே இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். குரல் கம்மல், விழுங்கும்போது வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி, நெரித்தபோது நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டிலும் அதுவே ஏறும், பிறகு மாற்றுவது கஷ்டம். யார், என்றைக்கு, ஒரு கையாலா இரு கையாலா, துப்பட்டாவாலா என்று சொல்லட்டும். பதிவு போட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். தங்கையிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

குடி அடியைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் குடிக்காதவர்களும் அடிக்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான 18–49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்த வீடு, ஓயாத சந்தேகம், போனைப் பிடுங்கிப் பார்ப்பது, கர்ப்பத்திலும் கை நீட்டுவது எல்லாம் ஆபத்தைக் கூட்டுபவை. உயிருக்கே ஆபத்து என்று காட்டுபவை கழுத்தை நெரிப்பதும் ‘கொன்னுடுவேன்’ என்ற மிரட்டலும். பெண் வீட்டைவிட்டு வந்த முதல் வாரங்கள்தான் மிக மோசமானவை. ‘பேசி முடிக்கலாம்’ என்று அவர் வந்தால் தனியாக அனுப்பாதீர்கள். பஞ்சாயத்துப் பெரியவர்களும் இதில் அவசரப்படாமல் இருந்தால் நல்லது.

புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். கடலூர் மாவட்ட சமூக நலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார்; நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் ‘குடும்ப நிகழ்வு அறிக்கை’யை அவரே தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். போலீஸ் புகார் இல்லாமலும் இது நடக்கும். சட்டப்படி, மனு கிடைத்ததிலிருந்து முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள். வழக்கு முடியும்வரை அவர் வன்முறை செய்யாமல் தடுக்க ‘இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வேண்டும்’ என்று மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உத்தரவு புதுச்சேரியிலும் செல்லும். மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100, அவசர உதவிக்கு 181 என்ற எண்களுக்குப் போன் செய்யுங்கள்.

அங்கே தங்கிவிட்ட நகை, சர்டிஃபிகேட், பாத்திரங்களையும் இதே மனுவில் கேட்கலாம். ‘நகைகள்’ என்று பொதுவாக எழுதாமல், ‘ஆரம் ஒன்று, நான்கு சவரன்’ என எடையோடு எழுதி, கல்யாண ஆல்பத்திலிருந்து அந்த நகை தெரியும் படத்தையும் இணையுங்கள்.