பழைய பெட்டிக்குள் புதிய பாகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே பழைய டெஸ்க்டாப் கணினிகளைப் பற்றியவை. புதுக் கணினியின் விலையைக் கேட்டுவிட்டு, இருப்பதையே தேற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது நியாயமானதுதான். நானும் அந்தக் கட்சியே. ஆனால் கீழே உள்ள எட்டுப் பேரில் ஆறு பேர், பொருளை வாங்கி முடித்த பிறகுதான் எனக்கு எழுதியிருக்கிறார்கள். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (திண்டுக்கல்): என் கணினியில் இருப்பது எச்61 மதர்போர்டு. 4 ஜிபி ராம் போதவில்லை என்று 8 ஜிபி டிடிஆர்4 ராம் வாங்கினேன். ஸ்லாட்டில் இறங்க மறுக்கிறது. நடுவில் உள்ள வெட்டு சற்றுத் தள்ளியிருக்கிறது. அரத்தால் லேசாகத் தேய்த்துவிட்டால் பொருந்துமா?

பதில்: முதலில் அரத்தைக் கீழே வையுங்கள். உங்கள் எச்61 போர்டு டிடிஆர்3 ராமுக்கானது. டிடிஆர்3 ராமில் 240 தொடுமுனைகள். டிடிஆர்4 ராமில் 288. முன்னது 1.5 வோல்ட்டில் இயங்குவது, பின்னது 1.2 வோல்ட்டில். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தவறி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் நீங்கள் தேய்க்கப் போகிறேன் என்கிறீர்கள். பில்லோடு கடைக்குப் போய் டிடிஆர்3 ராமாக மாற்றிக்கொள்ளுங்கள். எச்61 மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும் என்பதால் 8 ஜிபிக்குத் தடையில்லை. போகும் முன் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்று பார்த்துவிடுங்கள். 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அது கண்டுகொள்ளாது. பிறகு ராமும் மோசம் என்று இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): வீட்டிலேயே டிடிபி வேலை செய்து பிழைக்கிறேன். எச்110 மதர்போர்டும் ஐ3-6100 பிராசஸரும் உள்ள கணினி. வேகம் வேண்டும் என்று கேட்டபோது, மதர்போர்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார் கடைக்காரர். பார்த்துவிட்டு, "ஐ5-8400 போடலாம் மேடம், அதே 1151 சாக்கெட்தான்" என்று பதில் அனுப்பினார். வாங்கி மாட்டியதிலிருந்து மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. "பொருளில் கோளாறு இல்லை, விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம்" என்கிறார்.

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. வாங்குவதற்கு முன் ஒருவர் செய்ய வேண்டியது எதுவோ அதை நீங்கள் செய்திருக்கிறீர்கள். இது இன்டெல் நிறுவனம் தோண்டி வைத்த பள்ளம். 2015-இல் வந்த ஆறாம் தலைமுறைக்கும் 2017-இன் தொடக்கத்தில் வந்த ஏழாம் தலைமுறைக்கும் உரிய 1151 சாக்கெட்டின் பெயரையும் வடிவத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, எட்டாம் தலைமுறைக்கு மட்டும் 300 வரிசைச் சிப்செட் (போர்டில் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு) வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். உங்கள் எச்110 அதற்கு முந்தைய வரிசை. ஆகவே எட்டாம் தலைமுறையான ஐ5-8400 உங்கள் போர்டில் அச்சு அசலாக உட்காரும். உயிர் மட்டும் வராது. பிராசஸர் விற்றுப் பிழைப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ஒரு பொருளின் பயன்பாட்டைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. "போடலாம் மேடம்" என்ற அந்த ஒரு வரி உங்கள் கையில் இருக்கிறது. அதை அழித்துவிடாமல் படம் எடுத்து வையுங்கள். தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் அல்லர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே வாங்கியவரையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பணம் திரும்பியதும், பயன்படுத்திய ஐ5-6500 ஒன்றைத் தேடுங்கள். அது ஆறாம் தலைமுறை என்பதால் உங்கள் போர்டு மறுபேச்சில்லாமல் ஏற்கும்.

கேள்வி (மதுரை): கோர் 2 டுயோ, 2 ஜிபி ராம். இதில் விண்டோஸ் 11 போட முடியுமா?

பதில்: முடியாது, முடியும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (சேலம்): ஐ5-3470 கணினியில் பழைய ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். சாதாரண வேலைகளில் சிக்கல் இல்லை. விளையாட்டைத் திறந்த இரண்டு நிமிடத்தில் கணினி அணைந்து மீண்டும் தொடங்குகிறது. எஸ்.எம்.பி.எஸ். 450 வாட். கார்டு கேட்பதோ 120 வாட்தான். கார்டு கெட்டதா?

பதில்: கார்டு நல்ல கார்டாகவே இருக்கலாம். கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸை வெளியே எடுத்து, அதன் பக்கவாட்டில் ஒட்டியுள்ள கட்டம் போட்ட லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 450-ஐ விட்டுவிட்டு, +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். உள்ளூர்ப் பெட்டிகளில் அது 14 அல்லது 15 என்று இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 15-ஐ 12-ஆல் பெருக்கினால் 180 வாட். உங்கள் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதுமாக இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான் எடுக்கின்றன. பிராசஸருக்கு 77, கார்டுக்கு 120 என்று கூட்டினாலே 197 ஆகிவிடுகிறது. மின்விசிறிகளையும் ஹார்டு டிஸ்கையும் இன்னும் சேர்க்கவே இல்லை. இணையத்தில் உலாவும்போது கார்டு தூங்குகிறது, விளையாட்டில் விழித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் பெட்டி கையை விரிக்கிறது.

பிறகு அந்த 450 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. 3.3 வோல்ட், 5 வோல்ட் வரிசைகளில் யாருக்கும் தேவைப்படாத ஆம்பியர்களை எழுதி எல்லாவற்றையும் கூட்டிவிடுவார்கள். கூட்டியும் போதாவிட்டால் மேலே ஒரு ரவுண்டு எண்ணைப் போட்டுவிடுவார்கள். பிஸ்கட் பொட்டலத்தில் 10 கிராம் குறைந்தால் சண்டை போடுகிற நாம், வாட் கணக்கில் பாதி காணாமல் போவதைக் கேள்வி கேட்காமல் தூக்கிக்கொண்டு வருகிறோம். கணினியை அசெம்பிள் செய்பவர்களும் பிராசஸரின் பெயரை மூன்று முறை சொல்வார்கள், ராமின் பெயரை இரண்டு முறை சொல்வார்கள், எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் "கேபினட்டோட வந்துரும் சார்" என்று முடித்துவிடுவார்கள். மற்ற எல்லாப் பாகங்களுக்கும் சோறு போடுவது எதுவோ அதற்குப் பெயரே கிடையாது!

இந்தக் கோபம் எனக்குச் சும்மா வரவில்லை. 2013-இல் 500 வாட் என்று எழுதிய ஒரு பெட்டியை 650 ரூபாய்க்கு நானே வாங்கினேன். கையில் எடுத்தபோது காலி டிபன் பாக்ஸ் போல இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்துவிட்டேன். நான்காவது மாதம் ஒரு மாலையில் பட்டென்று சத்தம், அதைத் தொடர்ந்து கருகிய வாடை. போகும்போது என் ஹார்டு டிஸ்கையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விட்டது. ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த பலகையில், மின்சாரத்தைச் சீராக்கும் சுருள்கள் உட்கார வேண்டிய இடங்களில் வட்டம் வட்டமாக வெள்ளைக் கோடு அச்சிடப்பட்டிருந்தது, சுருள்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாகத் துண்டு துண்டாகக் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மின்சாரத்தை அதிகம் வீணாக்காதது என்பதற்கான 80 பிளஸ் சான்று பெற்ற, 12 வோல்ட் வரிசையில் மட்டும் 30 ஆம்பியருக்கு மேல் தருவதாக லேபிளில் எழுதியுள்ள 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வாங்குங்கள். அந்தக் கார்டுக்குத் தேவையான ஆறு முள் இணைப்பு அதிலேயே இருக்கும். இப்போது ஹார்டு டிஸ்கின் ஒயரிலிருந்து ஒட்டு போட்டு மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் இன்று இரவு அந்தக் கணினியில் விளையாட வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): இணையத்தில் 8 ஜிபி டிடிஆர்3 ராம் பாதி விலைக்குக் கிடைத்தது. எச்81 போர்டில் மாட்டினால் பீப் சத்தம் மட்டும் வருகிறது. தொடுமுனைகளை ரப்பரால் துடைத்தும் பயனில்லை.

பதில்: விளம்பரத்தின் கடைசி வரியில் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று இருக்கும், மறுபடி போய்ப் பாருங்கள். சில்லுகளின் உள்ளமைப்பு வேறாக உள்ள இவ்வகை ராம், இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசஸருக்குரிய பழைய போர்டுகளில் வேலை செய்யும். இன்டெல் போர்டுகள் இதை அடையாளம் காண்பதில்லை. ராமுக்குக் கட்சி பேதம் கிடையாது என்று நினைத்து நானும் இதே போல இரண்டு வாங்கினேன். அவை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் இன்றே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி (வேலூர்): எச்61 போர்டுக்கு என்விஎம்இ எஸ்.எஸ்.டியும், அதைக் கிராபிக்ஸ் ஸ்லாட்டில் மாட்டும் அடாப்டரும் வாங்கினேன். விண்டோஸை அதில் நிறுவப் பார்த்தால் முடியவில்லை. நண்பர் ஒருவரின் கணினியில் சரியாக வருகிறது.

பதில்: நண்பரின் போர்டு எது என்று நீங்கள் எழுதவில்லை, உங்களுடைய போர்டைப் பற்றியும் வாங்குவதற்கு முன் யோசித்ததாகத் தெரியவில்லை. 2011-இல் வந்த எச்61 போர்டின் பயாஸுக்கு (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள்), என்விஎம்இ என்ற புதிய அதிவேக வகை வட்டிலிருந்து கணினியைத் தொடங்கத் தெரியாது. பழைய வட்டிலிருந்து விண்டோஸ் 10 எழுந்த பிறகு, இதைக் கோப்புகள் வைத்துக்கொள்ளும் கூடுதல் வட்டாகப் பயன்படுத்தலாம், அவ்வளவே. திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டுச் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். எச்61-இன் சாட்டா இணைப்பு பழைய 3 ஜிகாபிட் வகை என்பதால் நொடிக்கு 280 எம்பி அளவோடு நின்றுவிடும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை; கணினி திறக்க ஆகும் நேரத்தைக் குறைப்பது அந்த எண் அல்ல, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை எஸ்.எஸ்.டி. தேடாமல் எடுத்துத் தருவதுதான்.

கேள்வி (தஞ்சாவூர்): ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். கட்டடக்கலை படிக்கும் மகளுக்காக, இணையத்தில் விளம்பரம் பார்த்து, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கார்டு ஒன்றை 5,500 ரூபாய்க்கு வாங்கினேன். கணினியில் பெயர் சரியாகவே காட்டுகிறது. ஆனால் முப்பரிமாண வரைபடத்தைத் திறந்தாலே திரை உறைந்துவிடுகிறது. விற்றவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. நான்தான் ஏமாளியா?

பதில்: நீங்கள் ஏமாளி அல்லர் ஐயா, ஏமாற்றப்பட்டவர், இரண்டும் வேறு. கார்டின் பின்புறத்தைப் பாருங்கள். நீல நிறத்தில், மூன்று வரிசையில் பதினைந்து துளைகள் கொண்ட பழைய விஜிஏ இணைப்பு இருக்கிறதா? இருந்தால் அது பெரும்பாலும் போலி. 1050 டிஐ சேர்ந்த குடும்பத்தில் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் வெளியீட்டையே, அதைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் எடுத்துவிட்டது. 2010 வாக்கில் வந்த ஜிடிஎஸ் 450 போன்ற கார்டுகளின் பயாஸை மாற்றி எழுதி, புதுப் பெயரைப் பொய்யாகச் சொல்ல வைத்து விற்கிறார்கள். கணினி பெயரைக் கார்டிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதால் அதுவும் உங்களோடு சேர்ந்து ஏமாறுகிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். உண்மையான 1050 டிஐயில் 768 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிட்டு வரையும் சிறு அலகுகள்) இருக்கும், ஜிடிஎஸ் 450-இல் 192 மட்டுமே. இத்தகைய போலிகளில் பலவற்றை அந்த மென்பொருளே கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் "ஃபேக்" என்று போட்டுக் காட்டும்.

அந்தத் திரையைப் படம் எடுங்கள். விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றையும் சேர்த்து 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். விளம்பரம் வந்த தளத்திலும் முறையிடுங்கள். பணம் வந்தே தீரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். புகார் செய்ய வெட்கப்பட வேண்டாம். இப்படிப்பட்ட விற்பனையாளர்கள் நம்பியிருப்பதே அந்த வெட்கத்தைத்தான்.

கேள்வி (காரைக்குடி): ஒவ்வொரு முறை திறக்கும்போதும் என் கணினி 2009 ஜனவரி 1 என்கிறது. பல இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று வந்து திறக்க மறுக்கின்றன. மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 4,500 ரூபாய் ஆகும் என்கிறார் பழுது பார்ப்பவர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். மதர்போர்டில் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். அதன் மீது சிஆர்2032 என்று எழுதியிருக்கும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் மூன்று வோல்ட் பேட்டரிதான். அது தீர்ந்துபோனால் கணினி தேதியை மறந்துவிடும். தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று கணினி நினைத்துக்கொள்ளும். மின் இணைப்பை முழுதாகத் துண்டித்துவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு பயாஸுக்குள் போய்த் தேதியைத் திருத்துங்கள். கணினி வட்டோடு பேசும் முறை பயாஸில் ஏஎச்சிஐ என்று இருந்ததா, ஐடிஇ என்று இருந்ததா என்பதைப் பேட்டரியை மாற்றுவதற்கு முன்பே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது மாறிப்போய் விண்டோஸ் நீலத் திரையில் நின்றால், அந்தப் பழுது பார்ப்பவரிடமே திரும்பப் போக வேண்டியிருக்கும்.