நூறு மாடியில கச்சான் எந்தத் தட்டில விப்பினம்?

அண்ணைக்கு வணக்கம்,

நான் கிளிநொச்சிப் பெடியன். இப்ப கொட்டாஞ்சேனையில றூம் எடுத்து நிண்டு கட்டட வரைபடம் கீறுற வேலை பழகிறன். மொட்டை மாடிக்கு ஏறினா தாமரைக் கோபுரம் தெரியும், இரவில கலர் கலரா மாறும். அதைப் பாத்துப் பாத்து எனக்கொரு யோசனை வந்திட்டு. கொழும்பில ஒரு நூறு மாடிக் கட்டடம், அதில வீடும் இல்லை ஒஃபிசும் இல்லை, முழுக்கப் பொழுதுபோக்கு. கீழ பத்து மாடி சாப்பாடு, மேல தியேட்டர், பிறகு கேம்ஸ், பனி கொட்டுற மாடி ஒண்டு, மணல் போட்டுக் கடற்கரை மாதிரி ஒரு நீச்சல் குளம், உச்சியில றோலர் கோஸ்டர். காலமை உள்ள போனா இரவுதான் வெளிய வாறது. றூம் பெடியளுக்குச் சொல்ல, "வன்னியால வந்த உனக்கு நூறு மாடி கேக்குதோ" எண்டு சிரிக்கிறாங்கள். இது நடக்கக்கூடிய காரியமோ அண்ணை? நீங்களும் எப்ப பாத்தாலும் குளம், வயல், பழைய ஆக்கள் எண்டுதான் எழுதிறீங்கள். இதுகளைப் பற்றியும் ஒருக்கா எழுதுங்கோவன்.

ந., கிளிநொச்சி


தம்பி ந.,

உம்மட கடிதம் வந்து ரெண்டு கிழமைக்கு மேல, நெல்லுவெட்டு நேரம் எண்டபடியா பதில் பிந்திப்போச்சு, குறை நினையாதையும். (வயலைப் பற்றித்தான் எழுதிறீங்கள் எண்டு குத்தினீர், பாரும், முதல் வசனத்திலயே வயல் வந்திட்டுது.)

றூம் பெடியள் சிரிச்சா சிரிக்கட்டும். எங்கட பக்கம் பனைக்கு மேல உயரமா நிண்டது தண்ணித்தாங்கியும் பிறகு வந்த போன் கோபுரங்களும்தான், அந்தத் தண்ணித்தாங்கியும் சண்டையில விழுந்து ஏ9 றோட்டுக் கரையில சரிஞ்சு கிடக்க, பஸ் பஸ்ஸா ஆக்கள் வந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போனதைப் பாத்து வளந்த பெடியன் நீர். உமக்கு நிமிந்து நிக்கிற ஒண்டில ஆசை வராட்டித்தான் அதிசயம்.

நடக்குமோ எண்டு கேட்டனீர். ஒரு அளவுக்கு நடந்தும் முடிஞ்சுது, அதுவும் நூறு வருசத்துக்கு முதலே. 1890இல ரோக்கியோவில அசகுசா எண்ட இடத்தில 12 மாடியில ஒரு கோபுரம் கட்டினவை, பேர் ரியோஉன்கக்கு, முகிலைத் தாண்டின மாடம் எண்ட மாதிரி அர்த்தம். உள்ள வெளிநாட்டுச் சாமான் கடையள், உச்சியில நிண்டு ஊர் பாக்கிற இடம், ஜப்பானிலயே முதலாவது மின்சார லிஃப்றும் அதுக்குள்ளதான். ஆனா லிஃப்ற் பாதுகாப்பில்லை எண்டு கொஞ்ச மாசத்திலயே நிப்பாட்டச் சொல்லிப்போட்டினம். இனி 12 மாடி ஆர் ஏறுவினம்? அதுக்கு அவை செய்த வேலைதான் எனக்குப் பிடிச்சது. அடுத்த வருசமே கெய்ஷா எண்ட, ஆடல் பாடலைத் தொழிலாச் செய்யிற நூறு பெண்களின்ர போட்டோவைப் படிக்கட்டு வழிய தொங்கவிட்டு, ஆர் வடிவு எண்டு வோட்டுப் போடுங்கோ எண்டு சொன்னவை. சனம் ஒவ்வொரு படமாப் பாத்துப் பாத்து ஏறினது. கோபுரம் 1923 பூமியதிர்ச்சியில மேல் பக்கம் முறிஞ்சு விழ, மிச்சத்தையும் இடிச்சுப்போட்டினம்.

உம்மட நூறு மாடியில எனக்கு இருக்கிற பிரச்சினையும் உயரம் இல்லை, அந்த லிஃப்ற்தான். உயரம் எண்டா 828 மீற்றருக்கு டுபாயில கட்டி 2010இல திறந்தும் விட்டினம். ஆனா நீர் அறுபதாம் மாடியில தியேட்டர் வைக்கிறீர் எண்டு வைப்பம். பத்து ஹோல், ஹோலுக்கு 300 பேர், படங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில விடுது, 3000 பேர் வெளிய வருகினம். லிஃப்றுக்கு 20 பேர் எண்டா 150 தரம் இறக்கோணும். ஆறு லிஃப்ற் விட்டாலும் ஒவ்வொண்டும் 25 தரம் போய்வரோணும், ஒருக்காப் போய்வர மூண்டு நிமிசம் எண்டாலே கடைசி ஆள் கீழ வர ஒண்டேகால் மணித்தியாலம். ரெண்டு மணித்தியாலப் படத்துக்கு ஒண்டேகால் மணித்தியாலம் கியூ. அதைக் குறைக்க லிஃப்றைக் கூட்டினீர் எண்டா, அந்த லிஃப்ற் ஓடுற கிடங்கெல்லாம் கீழ் மாடியளின்ர நடுவைத் தின்றுகொண்டு போகும், பேந்து உம்மட சாப்பாட்டுக் கடைக்கு இடம் இல்லை. தியேட்டருக்கு நடுவில தூணும் வைக்கேலாது, அதாலதான் மோல் வழிய தியேட்டரைக் கடைசித் தட்டில கொண்டுபோய் வைக்கிறது, மேல பாரம் இல்லை. நீர் அதுக்கு மேல இன்னும் நாப்பது மாடி ஏத்திறீர். கிளாஸ்கோவில 2001இல திறந்த ஒரு தியேட்டர் இருக்கு, பல தட்டில அடுக்கின 18 ஹோல், உலகத்திலயே உயரமான தியேட்டர் கட்டடம் எண்டு சொல்லுறது அதைத்தான், அதுவே 62 மீற்றர்தான்.

இதெல்லாம் எஞ்சினியர்மார் காசைக் குடுத்தா ஏதோ வழியில சமாளிப்பினம், அது பெரிய கதை இல்லை. நான் சொல்ல வந்தது வேற.

வற்றாப்பளை அம்மன்ர வைகாசிப் பொங்கலுக்குப் போயிருப்பீர்தானே. அம்மாவோட, கடல் தண்ணியில எரியிற விளக்கைப் பாத்துக் கும்பிட்டுப்போட்டு வாறது எண்டுதான் வெளிக்கிடுறது. பஸ்ஸால இறங்கி ஒழுங்கையால நடக்கேக்கயே காவடி ஒண்டு குறுக்க போகும், அதுக்கு வழி விட்டு ஒதுங்கிற இடத்தில கச்சான்காரி இருப்பா, மணலோட வறுத்த சூடு ஆறாம பேப்பர்ச் சுருளில போட்டுத் தருவா, அதைக் கொறிச்சுக்கொண்டு நிமிர ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போடும், காப்புக் கடையில தங்கச்சி நிண்டு அரியண்டம் குடுப்பாள், அதுக்குள்ள பத்து வருசமாக் காணாத சொந்தக்காரர் ஒராள் "நீ இன்னாரின்ர மோனெல்லோ" எண்டு கையைப் பிடிப்பார். கோயில் வாசலுக்குப் போய்ச் சேர ரெண்டு மணித்தியாலம். நீர் கேட்ட எல்லாம்-ஒரே-இடத்தில அதுதான், படுக்கப் போட்டிருக்கு, அவ்வளவுதான். அதில ஒண்டையும் நாங்கள் தேடிப் போகேல்லை. எல்லாம் வழியில வந்து மாட்டினது. லிஃப்றுக்க நிண்டு 47ஐ அமத்தினா 47 மட்டும்தான் கிடைக்கும், 46இல ஒராள் சிலம்பம் சுத்திக்கொண்டு நிண்டாலும் உமக்குத் தெரியவராது, கதவு பூட்டி நாலு பேர் அவரவர் போனைப் பாத்துக்கொண்டு நிக்கிறதுதான் மிச்சம்.

ஷங்காயில 1917இல திறந்த "பெரிய உலகம்" எண்ட கேளிக்கை மண்டபக்காரர் இந்தச் சூக்குமத்தைக் கண்டுபிடிச்சிருக்கினம் போல. ஒரு ரிக்கற் எடுத்து உள்ள போனா கதை சொல்லுறவை, கூத்து, வித்தை எல்லாம் சுத்திவர, வாசலில உருவத்தைக் கோணல்மாணலாக் காட்டுற கண்ணாடியள். நடு முத்தத்தில மேடை, சுத்தி நடக்கிற ஆக்களுக்கு மேல் தட்டில இருந்தும் கீழ நடக்கிறது தெரியும். உயரம் கொஞ்சம்தான்.

அதால நீர் கீறுறதெண்டா லிஃப்றைப் பின்பக்கம் தள்ளும், ஏலாத ஆக்களுக்கும் அவசரத்துக்கும். முன்னால கீழ இருந்து மேல வரைக்கும் சுத்திச் சுத்திப் போற ஒரு சரிவு வீதியைக் கீறும், ஒழுங்கை மாதிரி, ரெண்டு பக்கமும் கடையும் திண்ணையும். நூறு மாடிக்கு அது சரிவராது, ஒருத்தனும் நடக்கான், பதினைஞ்சு மாடிக்குச் சரிவரும். எண்பத்தைஞ்சு மாடி குறையுது எண்டு அழாதையும்.

நீச்சல் குளத்தை மேல ஏத்துறது பற்றி: சிங்கப்பூரில மரினா பே சான்ட்ஸில 57 மாடிக்கு மேல 150 மீற்றர் நீளக் குளமே இருக்கு, ஏலாது எண்டு சொல்ல மாட்டன். ஆனா 25 மீற்றர் நீளம், 12 அகலம், ஒண்டரை ஆழம் எண்டு ஒரு சின்னக் குளம் எடுத்தாலே தண்ணி மட்டும் 450 தொன். எங்கட கணக்கில 65 கிலோ மூட்டை எண்டா கிட்டத்தட்ட 7000 மூட்டை நெல்லை ஒரு மாடியில அடுக்கின மாதிரி. றோலர் கோஸ்டர்? லாஸ் வேகாஸில ஸ்ட்ராற்றோஸ்பியர் எண்டு 350 மீற்றர் அளவில, எங்கட தாமரைக் கோபுர உயரந்தான், 1996இல திறக்கேக்க உச்சியில கோஸ்டரும் வைச்சவை. 2005இல மூடிப்போட்டினம். பனி மாடி பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை, வன்னி வெயிலில நிண்டு எழுதிறவனிட்ட பனியைப் பற்றிக் கேக்கக்கூடாது.

பிறகு கரண்ட். 2022இல ஒரு கட்டத்தில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவை, ஞாபகமிருக்கே? 90களில எங்களுக்கு வெட்டுறதுக்கே கரண்ட் இல்லை. படம் எண்டா ஜெனரேற்றர், ரீவி, வீடியோ டெக் மூண்டையும் வாடகைக்கு எடுத்து ஆற்றையன் வளவுக்க விடிய விடிய மூண்டு படம். பெற்றோல் கிடையாது, ஒரு மூடி பெற்றோலில ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது, அது ரெண்டாவது படத்தில சண்டை தொடங்கிற இடமாப் பாத்து இருமி இருமி நிண்டுபோகும். பிளக்கைக் கழட்டித் துடைச்சு ஊதித் திரும்ப ஓடவிட முக்கால் மணித்தியாலம். அந்த முக்கால் மணித்தியாலத்தில இருட்டுக்க தேத்தண்ணி வரும், பேய்க்கதை வரும், வில்லனை என்ன செய்யோணும் எண்டு கிழவியள் தீர்ப்புச் சொல்லுவினம், ரெண்டு கலியாணம் கூட அதுக்குள்ள சரிவந்ததாக் கேள்வி. படத்தின்ர பேர் ஒண்டும் எனக்கு இப்ப நினைவில்லை.

தாமரைக் கோபுரம் 2022 செப்ரெம்பரில சனத்துக்குத் திறந்து கொஞ்ச நாளில அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனனான். 500 ரூபா ரிக்கற்றும் இருந்தது, 2000 ரூபா ரிக்கற்றும் இருந்தது, நாங்கள் 500. மேல போனதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, வடக்கு எந்தப் பக்கம் எண்டு. காட்டினன். கண்ணுக்கு மேல கையை வைச்சு நல்லாப் பாத்தா, புகையும் கூரையும்தான். "ஒண்டும் தெரியேல்லை, வா கீழ போவம்" எண்டிட்டா. பத்து நிமிசம் கூட நிக்கேல்லை. பிறகு காலிமுகத்திடலுக்குப் போனம், இறால் வடை வாங்கிக்கொண்டு புல்லில இருந்தவ பொழுது பட்டும் எழும்பேல்லை, பட்டம் விடுற பெடியளைப் பாத்து அவனின்ர நூல் அறுக்கப்போகுது, இவனுக்கு விடத் தெரியாது எண்டு நேர்முக வர்ணனை வேற. அங்க இருக்கிறதுக்கு ரிக்கற் இல்லை. உம்மட கட்டடத்தில ஒருத்தன் அஞ்சு சதம் செலவழிக்காம, எழும்பு எண்டு ஒரு செக்யூரிட்டியும் சொல்லாம, எத்தினை மணித்தியாலம் இருக்கலாம்? இதைக் கட்டப் போற கொம்பனி உம்மட வரைபடத்தில முதல் அழிக்கிற இடம் அதாத்தான் இருக்கும், அதால தூண் மாதிரி ஏதாவது அழிக்கேலாத ஒண்டோட சேத்துக் கீறிவிடும்.

கீறினா அனுப்பும். முழுக்க வேண்டாம், நாலாம் மாடியில இருந்து ஆறாம் மாடி வரைக்கும் அந்தச் சரிவு வீதி மட்டும், கக்கூஸ் எங்க, கச்சான்காரி எங்க எண்டு குறிச்சு. கச்சான்காரிக்கு வாடகை போடாதையும்.

அன்போட,
அண்ணை