வாலிபர் கூட்டத்தில் வெளிப்படுத்தல்: சிமிர்னாவில் தொடங்கலாம்

ஸ்தோத்திரம் சிஸ்டர். ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும், ஆனால் பிள்ளைகள் மிருகத்தின் எண்ணான 666-ஐயும் உலக முடிவுத் தேதியையும் தவிர வேறெதையும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் சபையிலும் இதே கதைதான்.

2-ஆம் அதிகாரத்தில் சிமிர்னாவுக்கு எழுதிய நிருபத்தை மட்டும் எடுங்கள். நான்கே வசனம். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம் அது. இப்படி நிருபம் பெற்ற ஏழு சபைகளில் கண்டிப்பே வாங்காதவை சிமிர்னாவும் பிலதெல்பியாவும்தான். "பத்துநாள் உபத்திரவப்படுவீர்கள்" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தானியேல் 1-இல் தானியேலும் தோழர்களும் பருப்பும் தண்ணீருமாகச் சோதிக்கப்பட்டதும் பத்து நாள்தான். அப்படியே தானியேல் 3:18-க்குப் போங்கள்: "விடுவிக்காமற்போனாலும்". ராஜாவின் சிலையை வணங்க மறுத்த அந்த மூன்று தோழர்கள், எரிகிற சூளைக்கு முன்னால் நின்று, தேவன் விடுவிக்காவிட்டாலும் வணங்கமாட்டோம் என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நாம் அதை வேகமாக வாசித்துவிட்டு சூளைக்குள் அவர்களோடு தெரிந்த நாலாவது ஆளுக்கு ஓடிவிடுகிறோம்.

அப்புறம் பாலிகார்ப்பைச் சொல்லுங்கள். 2-ஆம் நூற்றாண்டில் அதே சிமிர்னாவின் பேராயர். கிறிஸ்துவை மறுதலித்தால் விட்டுவிடுகிறேன் என்றான் ரோம ஆளுநன். 86 வருஷமாக அவருக்கு ஊழியம் செய்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே என்றார் கிழவர்.

666-ஐ எப்படியும் கேட்பார்கள். சரி, அதற்கு எட்டு வசனம் முன்னால் பரிசுத்தவான்களின் பொறுமையையும் விசுவாசத்தையும் சொல்லும் 13:10-ஐ அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.